மேட்டில் வண்டி எடுத்தல்

நாமக்கல் மாவட்டத்தில், காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்ததும், கொல்லிமலைக்குச் செல்லும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து மேலேறத் தொடங்குகிறது. சமவெளியில் ஆண்டுக்கணக்காக வண்டி ஓட்டிப் பழகியவர்கள்கூட, இவ்வளைவுகளில் ஒன்றில் மேலிருந்து இறங்கிவரும் பேருந்து சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு திரும்புவதைக் கண்டு ஏற்றத்தின் நடுவே நிற்கும்படி நேர்ந்துவிட்டால், பேருந்து கடந்துபோன பிறகு மறுபடியும் வண்டியை எடுக்க வேண்டிய அந்த க்ஷணத்தை எண்ணிக் கலக்கமடைவது உண்டு. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னுக்கு உருள்கிறது. உருள்கிறதே என்று பதறிக் கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிட்டால் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஆஃப் ஆகி நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் அஞ்சி ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தாலோ, இஞ்சின் அலறுகிறதே தவிர வண்டி நகர்வதில்லை, சற்று நேரத்தில் கிளட்ச் கருகும் வாசனை மூக்கில் ஏறுகிறது. மலைப்பக்கமே போகாதவர்களுக்கும் இந்தச் சோதனை இல்லாமல் இல்லை. நெரிசல் நேரத்தில் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று நின்று ஊர்பவர்களும், அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவில் தினமும் வண்டியை வெளியே எடுப்பவர்களும் இதை நன்றாக அறிவார்கள்.

இதில் வியப்புக்குரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டியும் அதில் இருப்பவர்களும் சேர்ந்து 1,000 கிலோகிராம் எடையுள்ளதாகவும், சாலை பத்தடி நீளத்துக்கு ஓர் அடி உயர்வதாகவும் வைத்துக்கொண்டால், மணிக்கு 5 கிலோமீட்டர் என்ற நடைவேகத்தில் அந்த மேட்டில் ஏறுவதற்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ 1,600 வாட். அதாவது இரண்டு குதிரைச் சக்தியைச் சற்றே தாண்டும். மிகச் சிறிய காரின் இஞ்சினும் இதைப்போல் பல மடங்கு சக்தியைத் தர வல்லது. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியைக் கொண்டுசெல்லும் யந்திரம், ஒரு முழ தூரம் மேடேற மாட்டாமல் மூச்சடங்கிப் போவானேன்? சக்தி போதாமையால் அல்ல என்பது கணக்கிலிருந்தே விளங்குகிறது. வேறு எது போதவில்லை என்பதை அறிந்துகொண்டவருக்கு, ஏற்றத்தில் வண்டி எடுக்கும் வித்தையில் பாதி கைவந்துவிட்டது என்றே சொல்லலாம். மீதிப் பாதி காலின் அப்பியாசம்.

முதலில் சரிவைப் பார்ப்போம். சாய்தளத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பூமியின் ஆகர்ஷணம் எவ்வளவு விசையோடு கீழ்நோக்கி இழுக்கிறது என்ற கேள்விக்கு, பிளாண்டர்ஸ் நாட்டில் பிறந்த சைமன் ஸ்டெவின் 1586-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் மிக அழகான விடை ஒன்றைக் கண்டார். ஒரு புறம் நீண்ட சரிவும் மறுபுறம் குட்டையான சரிவும் உடைய ஒரு முக்கோணத்தின் மேல், சம எடையுள்ள குண்டுகளைக் கோத்த சங்கிலியை வளையமாகப் போட்டால், நீண்ட சரிவில் அதிகக் குண்டுகளும் குட்டைச் சரிவில் குறைந்த குண்டுகளும் படிந்திருக்கும். ஆயினும் சங்கிலி தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கப் போவதில்லை. ஆகவே நீண்ட சரிவின் பல குண்டுகளும் குட்டைச் சரிவின் சில குண்டுகளும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன என்று, எந்தத் தராசையும் தொடாமல், யோசனை ஒன்றினாலேயே அவர் நிறுவினார். இதிலிருந்து பெறப்படும் விதி எளியது. பத்துக்கு ஒன்று என்னும் சரிவில் நிற்கும் வண்டியை, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆயிரம் கிலோ வண்டிக்கு இது நூறு கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. திடகாத்திரமான இரண்டு மூன்று பேர் தோள்கொடுத்துத் தாங்கக்கூடியதுதான். ஆனால் ஓயாமல், ஒரு கணமும் கண்ணயராமல் இழுப்பது.

தாங்குவதை விட்டுவிட்டால் நேர்வதைக் கலிலியோ அளந்து வைத்திருக்கிறார். மரப்பலகையில் காடி வெட்டி, அதில் வெண்கலக் குண்டை உருளவிட்டு, வழியும் நீரைக் கொண்டு காலத்தை நிறுத்தறிந்த அவர், 1638-இல் வெளிவந்த நூலில், உருளும் தூரம் காலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது என்று காட்டினார். நம் வண்டிக்கு இதைப் பொருத்தினால், டயரின் உருளல் தடையைக் கழித்த பிறகு, முதல் அரை விநாடியில் அது பின்வாங்கும் தூரம் ஒரு சாணுக்கும் குறைவு. ஒரு விநாடியில் ஒரு முழம். இரண்டு விநாடியிலோ நான்கு முழத்தை நெருங்கிவிடும். பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் காலை மாற்ற, பழகியவருக்கு அரை விநாடியும் புதியவருக்கு ஒரு விநாடியும் பிடிக்கும் என்று கொண்டால், பழக்கமுள்ளவர் ஏன் நிதானமாக இருக்கிறார், புதியவர் ஏன் பதறுகிறார் என்பது விளங்கும். தாமதம் இரட்டித்தால் நழுவல் நான்கு மடங்காகிறது. பின்னால் நிற்பவரிடமிருந்து இரண்டு மீட்டர் இடைவெளி இருந்தால், அது இரண்டு விநாடியின் விலைதான்.

இனி யந்திரத்துக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நீலகிரி மலை ரயில், கல்லாறுக்கு மேலே 12-க்கு ஒன்றை ஒட்டிய ஏற்றத்தில், தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்சட்டத்தைப் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அதன் நீராவி இஞ்சினுக்குக் கிளட்ச் என்ற உறுப்பு கிடையாது; வேண்டியதும் இல்லை. கொதிகலத்தில் அடைபட்டிருக்கும் ஆவி, பிஸ்டன் அசையாமல் நின்றிருக்கும்போதே அதைத் தள்ளத் தயாராக இருப்பதால், வால்வைத் திறந்தவுடன், சக்கரம் இன்னும் சுழலாத நிலையிலேயே முழு விசையும் அதன்மேல் விழுகிறது. அதே 1899-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் சிகரத்தின் மேல் முதன்முதலாக மோட்டார் வண்டி ஓட்டிச் சென்ற ஸ்டான்லி தம்பதியும் நீராவி வண்டியில்தான் சென்றார்கள். மின்சார மோட்டாரும் இவ்வகையிலேயே சேர்ந்தது. நின்ற நிலையில் அதன் முறுக்கு விசைக்குக் குறைவே இல்லை.

பெட்ரோல் இஞ்சினின் சுபாவம் வேறு. காற்றையும் எரிபொருளையும் உள்ளிழுத்து, அழுத்தி, பற்றவைத்து, புகையை வெளியேற்றும் நான்கு காரியங்களையும் அது தன் சுழற்சியைக் கொண்டே செய்துகொள்ள வேண்டியிருப்பதால், சுழலாத இஞ்சினால் எதையும் தள்ள முடியாது. நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்று என்ற ஓய்வு வேகத்தில் ஓடும்போது விநாடிக்கு ஏறத்தாழ 27 முறை உள்ளே தீப்பற்றுகிறது. ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையிலுள்ள சிற்றிடைவெளியில் அதைச் சுழல வைத்திருப்பது பளுச்சக்கரத்தின் ஜடத்துவமே. இந்தச் சேமிப்போ அற்பமானது. சிறு கார் ஒன்றின் சுழலும் பாகங்களில் ஓய்வு வேகத்தின்போது சில நூறு ஜூல் அளவே சக்தி தேங்கியிருக்கும். நம் ஆயிரம் கிலோ வண்டியைப் பத்துக்கு ஒன்று மேட்டில் ஒரு மீட்டர் ஏற்றவோ 1,000 ஜூலை ஒட்டித் தேவைப்படும். கிளட்ச்சைத் திடீரென்று விடுபவர், எரிபொருளின் சக்தி வந்து சேருவதற்கு முன்பே, இந்தச் சிறு சேமிப்பைக் கொண்டு மலையை விலைபேசப் பார்க்கிறார். சேமிப்புத் தீர்கிறது, யந்திரம் நிற்கிறது. இஞ்சின் வேகத்தை இரட்டித்தால் இந்தச் சேமிப்பு நான்கு மடங்காகும் என்பதனால்தான், மேட்டில் எடுக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சற்று முன்கூட்டியே மிதிக்கச் சொல்கிறார்கள்.

மோட்டார் வண்டியின் சரித்திரத்தில் மலையோடு நேர்ந்த முதல் மல்யுத்தங்களில் ஒன்று ஜெர்மனியில் நடந்தது. கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து தம் தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைப் புதிய மூன்று சக்கர வண்டியில் கடந்தார். அந்த வண்டியில் வெறுமனே சுழலும் உருளையிலிருந்து அச்சோடு பிணைந்த உருளைக்குத் தோல் பட்டையைத் தள்ளிவிடுவதே கிளட்ச். கியர் மாற்றும் வசதி இல்லை. செங்குத்தான மேடுகள் வந்தபோது மகன்கள் இறங்கி வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது; இறக்கங்களில் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு அவற்றுக்குத் தோல் அடிக்கச் செய்தார். ஊர் திரும்பியதும், மலையேற ஒரு தாழ்ந்த கியர் வேண்டும் என்று அவர் கணவரிடம் வற்புறுத்தினார். அது அவ்வாறே சேர்க்கப்பட்டது. ஏற்றத்தில் பட்ட அவஸ்தையை அழுதுவிட்டு மறக்காமல், யந்திரத்தில் இன்ன குறை என்று கண்டறிந்து சொன்ன அந்த அம்மையாரை, இன்று முதல் கியர் போடும் ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தாழ்ந்த கியரின் வழிவந்த நம் முதல் கியர், இஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குப் போவதற்குள் ஏறத்தாழ பதினான்கில் ஒன்றாகக் குறைத்து, அதற்கு ஈடாக முறுக்கு விசையைப் பதினான்கு மடங்காக்கித் தருகிறது. நம் வண்டியைப் பத்துக்கு ஒன்று மேட்டில் தாங்கி நிறுத்தக் கிளட்ச்சில் வேண்டிய முறுக்கு விசை 20 நியூட்டன் மீட்டரை ஒட்டியதுதான். இஞ்சின் தரக்கூடிய உச்ச அளவில் இது கால்வாசிகூட இராது. ஆனாலும் ஒரு பள்ளம் மிஞ்சியிருக்கிறது. ஓய்வு வேகமான 800 சுற்றில் இஞ்சின் ஓட, முதல் கியரில் கிளட்ச் முழுவதும் பிடித்திருந்தால், வண்டி மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே இஞ்சினால் இறங்கி வர முடியாது. வண்டியோ பூஜ்யத்தில் நிற்கிறது. பூஜ்யத்துக்கும் ஆறுக்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தை எந்தப் பல்சக்கரத்தாலும் தூர்க்க முடியாது. அதைக் கடப்பிப்பது உராய்வு ஒன்றே. ஏற்றத்தில் வண்டி எடுக்கும் வித்தை முழுவதும், மனிதன் வேகமாக நடக்கும் வேகத்தை எட்டாத இந்த ஒரு சிறு எல்லைக்குள் அடங்கியிருக்கிறது.

உராய்வைத் தேய்மானத்துக்கும் விரயத்துக்கும் காரணமான சத்துருவாகவே பாடப் புத்தகங்களில் நாம் பழகியிருக்கிறோம். மேட்டில் நிற்கும் வண்டியிலோ உராய்வே ரக்ஷகன். டயருக்கும் சாலைக்கும் இடையே அது பற்றிக்கொண்டிருக்கிறது. பிரேக்கின் தேய்கட்டைக்கும் டிரம்முக்கும் இடையே வண்டியைத் தாங்குகிறது. கிளட்ச்சின் தட்டிலே சுழல்வதையும் நிற்பதையும் சேர்த்துவைக்கிறது. அமான்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1699-இல், உராய்வு விசை அழுத்தும் எடைக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது, தொடும் பரப்பின் பெருக்கத்தால் அது மாறுவதில்லை என்ற விதிகளை பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். கப்பல் தளங்களில் சோதனைகள் செய்து 1781-ஆம் ஆண்டு அதே கழகத்தின் பரிசைப் பெற்ற கூலோம், நின்றிருக்கும் பொருளை அசைக்க வேண்டிய விசைக்கும், அசைந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து இழுக்க வேண்டிய விசைக்கும் உள்ள பேதத்தை விரிவாக ஆராய்ந்தார். கிளட்ச்சுக்கு உயிரானது அமான்தோனின் முதல் விதி. அழுத்தத்தை மாற்றினால் உராய்வு மாறும். உராய்வு மாறினால் கடத்தப்படும் முறுக்கு விசை மாறும். அந்த அழுத்தத்தை மாற்றுகிற கருவி நம் இடது கால்.

கிளட்ச்சின் உள்ளே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இஞ்சினோடு சுழலும் பளுச்சக்கரத்தின் முகத்துக்கும், வில்லினால் தள்ளப்படும் அழுத்துத் தட்டுக்கும் நடுவே, இரு பக்கமும் உராய்வுப் பொருள் ஒட்டிய மெல்லிய தட்டு ஒன்று, கியர்ப் பெட்டியின் தண்டில் கோக்கப்பட்டிருக்கிறது. சிறு காரில் அதன் விட்டம் ஒரு சாணைவிடக் குறைவு. பெடலை மிதித்தால் அழுத்துத் தட்டு ஓரிரு மில்லிமீட்டர் விலகி, நடுத்தட்டு விடுபடுகிறது. பெடலைத் தளர்த்தத் தளர்த்த வில் மீண்டும் தட்டுகளை நெருக்குகிறது. உராய்வுப் பொருளின் இரண்டு பக்கங்களுக்கும் இடையே அலையலையாக வளைத்த மெல்லிய எஃகு இதழ்கள் இருப்பதால், பிடிப்பு ஒரேயடியாக வந்துவிடாமல் படிப்படியாக ஏறுகிறது. நம் வண்டியை மேட்டில் தாங்குவதற்கு வில்லின் முழு அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கே போதும். பெடல் மேலும் கீழுமாகப் போய்வரும் முழுத் தூரத்தில், இந்தப் பத்தில் ஒரு பங்கை ஆளும் இடம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. ஓட்டுநர்கள் இதையே ஆஃப் கிளட்ச், அதாவது பாதிக் கிளட்ச், என்கிறார்கள். அதற்கு மேலும் கீழும் உள்ள தூரத்தைக் கால் விரைந்து கடக்கலாம். அந்த இரண்டு விரற்கடையில் மட்டும் அது எறும்பு ஊர்வதைப்போல ஊர்ந்தாக வேண்டும்.

ஆஃப் கிளட்ச்சில் தட்டுகள் நழுவிக்கொண்டே விசையைக் கடத்துகின்றன. நழுவலுக்கு விலை வெப்பம். இஞ்சின் நிமிஷத்துக்கு 1,200 சுற்றில் ஓட, பிரேக்கைத் தொடாமல், கிளட்ச்சின் பிடியினாலேயே வண்டியை மேட்டில் அசையாமல் நிறுத்திவைக்கும் சாமர்த்தியசாலிகளைப் பார்த்திருக்கிறோம். வண்டி ஓர் அங்குலமும் ஏறாததால், கிளட்ச்சுக்கு வரும் சக்தி அனைத்தும், ஏறத்தாழ 2,500 வாட், வெப்பமாகவே மாறுகிறது. இரண்டு மூன்று மின்சார இஸ்திரிப் பெட்டிகளைச் சேர்த்து அந்த ஒரு சாண் தட்டின்மேல் வைத்ததற்கு ஒப்பாகும். அரை நிமிஷம் இப்படி நிறுத்தினால் 75,000 ஜூல் வெப்பம் உள்ளே இறங்குகிறது. பளுச்சக்கரத்தின் இரும்பு அதை வாங்கிக்கொள்ளக் கூடியதுதான் என்றாலும், வெப்பம் இரும்பின் உள்ளே பரவ அவகாசம் வேண்டும். அதற்குள் தொடும் முகங்கள் வெகுவாகக் காய்ந்து, உராய்வுப் பொருளைப் பிணைத்திருக்கும் பிசின் கருகத் தொடங்குகிறது. மூக்கில் ஏறும் வாசனை அந்தப் பிசினுடையதே. கருகிய முகம் கண்ணாடிபோல் வழவழப்பாகி, பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்கும். மேம்பாலத்து நெரிசலில் இந்தச் சாமர்த்தியத்தைத் தினமும் காட்டுபவர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுதான்: நிற்பது பிரேக்கின் வேலை, கிளம்புவதே கிளட்ச்சின் வேலை. இரண்டையும் ஒன்றின் தலையில் சுமத்துவது யந்திரத்துக்குச் செய்யும் அநியாயம்.

அப்படியானால் கற்பது எப்படி? புதியவருக்கு உள்ள கஷ்டம், மூன்று காரியங்களை இரண்டு கால்களால், ஒரு விநாடிக்குள் செய்ய வேண்டியிருப்பது. கிளட்ச்சை இடது கால் ஆள்கிறது. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் வலது கால் ஒன்றே மாறி மாறி ஆள வேண்டும். அது மாறும் இடைவெளியில் வண்டி அநாதையாக நிற்கிறது. கைப்பிரேக் இந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. தாங்கும் வேலையைக் கை ஏற்றுக்கொண்ட மாத்திரத்தில் வலது கால் விடுதலை பெற்று ஆக்சிலரேட்டருக்குப் போய்விடலாம். கலிலியோவின் கடிகாரம் நின்றுவிடுகிறது. கிளட்ச்சின் பிடிப்பைத் தேட எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதல் கியரில், ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்து இஞ்சினின் ரீங்காரம் சீராக நிற்கும்படி வைத்துக்கொண்டு, கிளட்ச்சை மெல்ல மெல்லத் தளர்த்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் இஞ்சினின் சுருதி இறங்குகிறது. விநாடிக்கு நாற்பது என்றிருந்த வெடிப்பு முப்பத்தைந்தாகக் குறைவதைக் காது ஸ்வரத்தின் இறக்கமாகக் கேட்கிறது. அதே சமயம், முன்னே போக விழையும் சக்கரங்களையும் விட மறுக்கும் கைப்பிரேக்கையும் நடுவில் நின்று தாங்கும் வண்டியின் உடல் ஒரு சிறு அசைவு அசைந்து இறுகுகிறது. இருக்கையின் வழியாக முதுகும், பெடலின் வழியாகப் பாதமும் அந்த நடுக்கத்தை உணர்கின்றன.

அனுபவமுள்ள ஆசிரியர்கள் இந்த இடத்தில் பேச்சைக் குறைத்துக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். “அம்மா, காலை அங்கேயே வைங்க. இப்ப வண்டி என்ன பண்ணுதுன்னு பாருங்க,” என்று சொல்லிவிட்டு, கற்கும் பெண்மணி அந்த நடுக்கத்தைத் தாமே கண்டுகொள்ளும் வரையில் ஒருவர் மௌனமாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்மணி தலையசைத்த பிறகே, “ஆக்சிலரேட்டர் கொஞ்சம் கொடுங்க. இப்ப ஹேண்ட் பிரேக்கை விடுங்க. கிளட்ச்சை இன்னும் விட்டுடாதீங்க,” என்று தொடர்ந்தார். கடைசி வாக்கியம்தான் அதி முக்கியமானது. கைப்பிரேக்கை விட்டதும் வண்டி முன்னே நகரக் கண்ட மகிழ்ச்சியில் இடது காலை முழுவதும் எடுத்துவிடுவோர் பலர். வண்டி இன்னும் அந்த ஆறு கிலோமீட்டர் வேகத்தை எட்டவில்லை. பள்ளத்தின் பாதியில் பாலத்தை உருவிக்கொண்டதுபோல் ஆகி, இஞ்சின் ஆஃப் ஆகிறது. வண்டி ஒரு வண்டி நீளமாவது ஏறும் வரையில் இடது கால் தன் இடத்தில் நிதானித்திருக்க வேண்டும்.

இதைப் புத்தகம் படித்துக் காலுக்குக் கற்பித்துவிட முடியாது என்பதற்குச் சரீர சாஸ்திரத்தில் காரணம் உண்டு. தசைகளுக்குள் பதிந்திருக்கும் நுண்ணிய உணர்வுறுப்புகள், கணுக்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, கெண்டைத்தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற செய்திகளை ஓயாமல் மேலே அனுப்புகின்றன. காலை இன்னும் இவ்வளவு தளர்த்தினால் வண்டி இவ்வாறு நடந்துகொள்ளும் என்று மூளை முன்கூட்டியே அனுமானிக்கிறது. அனுமானத்துக்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு அடுத்த அனுமானத்தைத் திருத்திக்கொள்கிறது. இந்தத் திருத்தத்தில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. வண்டி ஆஃப் ஆவது இவ்வகையில் ஓர் அவமானமே அல்ல; சிறுமூளைக்குக் கிடைத்த தெளிவான அளவு அது. அவசரமும் ஆரன் சத்தமும் மிகுந்த இடத்தில் இந்தத் திருத்தம் நடைபெறாது என்பதால், முதல் பாடத்தை நெரிசலான மேம்பாலத்தில் வைப்பது கற்பிப்பவரின் பிழையேயன்றிக் கற்பவருடையது அல்ல.

நம் நாட்டுச் சட்டம் இந்த வித்தையை மறந்துவிடவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், உரிமம் கோருபவர் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைக் கொண்டோ, ஆக்சிலரேட்டரையும் கால்பிரேக்கையும் கொண்டோ, சற்றும் பின்னுக்கு உருளாமல் மறுபடி எடுத்துக்காட்ட வேண்டும் என்று தேர்வின் அங்கமாகவே வைத்திருக்கின்றன. மேடே இல்லாத மைதானத்தில் தேர்வு முடிந்துவிடும் ஊர்களில் இந்த விதி ஏட்டளவில் நின்றுவிடுவது வருந்தத்தக்கது. மண்ணைக் கொட்டி ஒரு சிறு மேடு அமைப்பது அப்படியொன்றும் பெரிய செலவல்ல. விதி குறிப்பிடும் இரண்டாவது முறை, கைப்பிரேக் இல்லாமல் எடுப்பது. கால்பிரேக்கில் இருக்கும்போதே கிளட்ச்சை ஆஃப் கிளட்ச் வரை தளர்த்தி, நடுக்கம் தெரிந்த பிறகே வலது காலை ஆக்சிலரேட்டருக்கு மாற்றுவது இதன் ரகசியம். மின்னணு யந்திரமூளை உள்ள இன்றைய இஞ்சின்கள், சுமை ஏறிச் சுழற்சி தாழ்வதை உணர்ந்து தாமாகவே எரிபொருளைக் கூட்டிக்கொள்வதால், சாதாரண மேட்டில் இம்முறை எளிதாகவே கைகூடும். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் அந்தத் தயவு கிடையாது. ஆனால் முதலில் கைப்பிரேக் முறையில் பிடிப்பின் இடத்தைக் கால் அறிந்துகொண்ட பிறகு இதற்கு வருவதே உசிதம் என்பது என் கருத்து.

காலின் வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சியும் பழையதே. ஸ்டூடிபேக்கர் நிறுவனம் 1936-இலேயே தன் கார்களில், வண்டி மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும்போது ஒரு சிறு குண்டு தானாக உருண்டு பிரேக் எண்ணெயின் வழியை அடைக்கவும், கிளட்ச்சை விடும்போது அந்த அடைப்பு விலகவும் செய்யும் சாதனத்தை அமைத்தது. வண்டியைப் பின்னுக்கு உருட்டும் அதே ஆகர்ஷணத்தைக் கொண்டே அதைத் தடுத்து நிறுத்திய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தமானது. இன்று பல கார்களில் சாய்வை உணரும் கருவி ஒன்று, காலை எடுத்த பிறகும் ஓரிரு விநாடி பிரேக்கின் அழுத்தத்தை விடாமல் வைத்துக்கொடுக்கிறது. அந்த ஓரிரு விநாடிக்குள் கிளட்ச்சின் பிடிப்பைக் காணத் தெரியாதவருக்கு, அதற்குப் பிறகு வண்டி உருளத்தான் செய்யும்.

மலைச்சாலையில் எங்கே நிற்கிறோம் என்பதும் பாதி வெற்றி. அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கிவரும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நம் சாலை விதி. நின்ற இடத்திலிருந்து கிளம்புவது இறங்குபவருக்கு எளிது, ஏறுபவருக்கு அரிது என்ற பௌதிக உண்மையே அந்த விதியின் அஸ்திவாரம். ஆயினும் கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்கு முழு அகலமும் வேண்டியிருப்பதால், ஆரன் கேட்டவுடனேயே ஏறுபவர் வளைவுக்கு முன்பே நின்றுவிடுவது நல்லது. வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரத்தை ஏறுகின்றன. உள்விளிம்பின் நீளம் குறைவு. ஆகவே அங்கே சரிவு அதிகம். இடப்புறமாகச் செல்லும் நம் வழக்கத்தில், இடது பக்கம் மடியும் வளைவில் ஏறுபவர் இந்தச் செங்குத்தான உள்விளிம்பிலேயே அகப்படுகிறார். வளைவுகளில் சரிவு 40-க்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்திருந்தாலும், பழைய சாலைகள் எல்லாம் அந்த இலக்கணத்துக்கு அடங்கியவை அல்ல. முன்னே ஒரு லாரி நின்றிருந்தால், அதன் பின்சக்கரங்கள் சாலையில் படும் இடம் நம் கண்ணுக்குத் தெரியும்படி இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அதன் ஓட்டுநரும் ஒரு முழம் உருளலாம்.

பழகுவதற்கு, போக்குவரத்து இல்லாத ஒரு சாலையில், 20-க்கு ஒன்று போன்ற மென்மையான சரிவைத் தேர்ந்துகொண்டு, அது கைவந்த பிறகு 15-க்கு ஒன்று, 10-க்கு ஒன்று என்று மேலே போகலாம். லாரிக் கிளீனர்கள் கையோடு வைத்திருப்பதைப்போல ஆப்பு வடிவில் சீவிய கட்டை ஒன்று இருப்பது நலம். அதைப் பின்சக்கரத்துக்குச் சற்றுக் கீழே போட்டுவிட்டு, கட்டை போட்டவர் வண்டியின் நேர் பின்னே நிற்காமல், ஓட்டுபவரின் கண்ணாடியில் தாம் தெரியும்படி பக்கவாட்டில் ஒதுங்கி நிற்க வேண்டும். வண்டி கிளம்பி மேலே போய் நின்ற பிறகே, கட்டையை எடுக்கக் குனிய வேண்டும்.